பி2 இங்கிலீஷ் தேர்வு: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேம்பிரிட்ஜின் 'பி2 ஃபர்ஸ்ட் ஃபார் ஸ்கூல்ஸ்' என்ற, பள்ளிப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் தேர்வுக்கு ஆதம்பாக்கத்தில் என் வீட்டிலேயே பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். பி2 என்பது நடுத்தரத்துக்கு ஒரு படி மேலான நிலை. வந்த கேள்விகளில் சில இங்கே.

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா: மேடம், மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் இங்கிலீஷில் 90-க்குக் குறைந்ததே இல்லை. நேராக எழுத வைக்கலாமா?

அந்த 90-ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்தத் தேர்வுக்கு இதைத்தான் படிக்க வேண்டும் என்ற பாடப்புத்தகம் கிடையாது. கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த முதல் தாளை எடுத்து, கடிகாரம் வைத்து உட்காரச் சொல்லுங்கள். 75 நிமிடம், 52 கேள்வி. மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் இந்தத் தாளுக்குத்தான். எழுதுவது, கேட்பது, பேசுவது மூன்றுக்கும் தலா 20. கேம்பிரிட்ஜ் அளவுகோலில் 160 வாங்கினால் பி2. 140 முதல் 159 வரை வந்தாலும் அதற்கு ஒரு படி கீழான பி1 சான்றிதழ் உண்டு. இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

தாம்பரத்திலிருந்து ஓர் அப்பா: பையனுக்கு 20 கட்டுரை மனப்பாடம். போதுமா?

வேண்டாம் சார். கட்டாயக் கட்டுரையில் இரண்டு குறிப்பு அவர்கள் தருவார்கள், மூன்றாவதைப் பிள்ளையே யோசித்து எழுத வேண்டும். 140 முதல் 190 சொல்லுக்குள். என்னிடம் படித்த ஒரு பையன், சைக்கிளில் பள்ளிக்குப் போவது பற்றிய கேள்விக்குக் காற்று மாசு கட்டுரையை அப்படியே இறக்கி வைத்தான். பிழையே இல்லை, ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அப்புறம் ஒரு மாதம் எழுதவே விடவில்லை. தலைப்பைக் கொடுத்து, தமிழிலேயே என்னோடு வாதாட வைத்தேன். சொல்ல விஷயம் கிடைத்ததும் இங்கிலீஷ் தானாகப் பின்னால் வந்தது.

வேளச்சேரியிலிருந்து பிளஸ் ஒன் மாணவி: அக்கா, வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதியில் மட்டும் எனக்கு மார்க் போகிறது.

நிறையப் பேருக்கு இடறுவது அங்கேதான்ம்மா. ஒன்றைப் பார்ப்போம். 'ஐ ஸ்டார்டட் லேர்னிங் த வீணா ஃபைவ் இயர்ஸ் அகோ.' இதே பொருள் வர, 'ஐ ஹேவ் ... ஃபைவ் இயர்ஸ்' என்பதன் நடுவே நிரப்ப வேண்டும். 'பீன்' என்ற சொல் கட்டாயம் வரணும், அதை மாற்றக் கூடாது. மொத்தம் இரண்டு முதல் ஐந்து சொல். விடை: 'பீன் லேர்னிங் த வீணா ஃபார்'. சரியாக ஐந்து.

பலர் 'ஃபார்' இடத்தில் 'சின்ஸ்' போடுகிறார்கள். பேசும்போதும் 'ஐயாம் லேர்னிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்றுதான் வருகிறது. காரணம் நம் தமிழ்தான். 'அஞ்சு வருஷமா கத்துக்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே நாம் சொல்லி முடித்துவிடுகிறோம். இங்கிலீஷில் அதற்கு 'ஹேவ் பீன்' வேண்டும். இப்படித் தமிழ் இழுத்துக்கொண்டு போகும் இடங்களுக்கு ஒரு தனி நோட்டு போடு. 'டிஸ்கஸ் அபவுட்' அதில் முதல் பக்கத்தில் இருக்கட்டும், 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' வராது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மார்க், பாதி சரியாக இருந்தால் ஒன்று கிடைக்கும். அதனால் எதையும் வெற்றாக விடாதே, தப்புக்கு மார்க் குறைப்பதும் இல்லை.

மயிலாப்பூரிலிருந்து ஓர் ஆசிரியை: பேச்சுத் தேர்வில் நம் உச்சரிப்பு பிரச்சினையா?

புரியும்படி பேசினால் போதும், தமிழ்ச் சாயல் குற்றமில்லை. பெரும்பாலும் இரண்டு பேராக உள்ளே போவார்கள், 14 நிமிடம். அதில் நன்றாகப் பேசும் பிள்ளைகளும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன் மேடம். பக்கத்தில் இருப்பவரைப் பேசவே விடமாட்டார்கள். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்கி, அதிலிருந்து அடுத்ததைத் தொடர வேண்டும். வகுப்பில் தினமும் ஒரு ஜோடியை இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். அமைதியான பிள்ளையோடு வாயாடியைச் சேர்த்து உட்கார வையுங்கள். இருவருமே கற்றுக்கொள்வார்கள்.

அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மா: கேட்டல் தாளில் வேகம் பிடிபடவில்லை என்கிறான்.

எல்லாம் இரண்டு முறை ஒலிக்கும். முதல் முறை தவறியதை நினைத்துக்கொண்டே அடுத்ததையும் கோட்டை விடாமல் பழக்குங்கள். தினமும் பத்து நிமிடம் இங்கிலீஷ் வீடியோ பார்க்கட்டும், சப்டைட்டில் இல்லாமல். வார இறுதியில் முடிந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். புத்தகத்தை அவனே எடுக்கட்டும்.