பழைய ஆஸ்திரேலிய மண்பாண்டங்கள் சேகரிக்க ஆசை. அசல் கைவேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் எடுத்ததும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அப்புறம் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். பதினொரு வருடமாகச் சேகரிக்கிறேன். விலைச்சீட்டைவிட இந்த இரண்டையும்தான் நான் நம்புகிறேன்.

சக்கரத்தில் வனைந்த பாண்டமென்றால் குயவரின் விரல் ஏறிய தடம் உட்சுவரில் சுருள்சுருளாகத் தட்டுப்படும். அச்சில் வார்த்தது உள்ளே வழுவழுவென்றிருக்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு பக்கவாட்டில் மெலிதாகத் தெரியும். வார்த்ததிலும் அழகானவை உண்டு. ஆனால் நீங்கள் கேட்பது கைவேலை.

நான் இருப்பது மெல்பர்னில், பிரெஸ்டன் பகுதியில். இதே பிரெஸ்டனில்தான் 1929இல் டேவிட் டீயும் ரெஜ் ஹாக்கின்ஸும் ‘பிரீமியர் பாட்டரி’ என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். 1930களின் நடுவிலிருந்து அங்கே செய்தவற்றின் அடியில் ‘ரெமியூட்’ என்று பச்சை மண்ணில் கீறி, கூடவே வடிவத்துக்கான எண்ணையும் எழுதியிருப்பார்கள். 1950களின் நடுவில் அது மூடப்பட்டது. குடிவந்து மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரியும். அன்றிலிருந்து ஆப் ஷாப் (தொண்டு அமைப்புகள் பழைய பொருள் விற்கும் கடை) எதையும் சும்மா கடந்து போனதில்லை.

என் முதல் ரெமியூட் ஒரு சிறிய ஜாடி. மேலே பச்சை, கீழே பழுப்பு. இரண்டும் சூளைச் சூட்டில் உருகி ஒன்றின்மேல் ஒன்று வழிந்திருக்கும். கைப்பிடி முறுக்கிய மரக்கிளை. அதிலிருந்து தைலமரத்து இலை இரண்டும் காய் மூன்றும் தொங்கும் (ஊட்டியில் பார்க்கிறோமே, அதே தைலமரம்தான்). ஓர் இலையின் ஓரத்தில், அதை அழுத்தி ஒட்டியவரின் கட்டைவிரல் பட்ட இடம் பூச்சுக்கு அடியில் இன்னும் பள்ளமாக இருக்கிறது. என் விரலை அங்கே வைத்தால் சரியாகப் பொருந்தும். அந்தப் பள்ளத்துக்காகவே அதை நான் யாருக்கும் விற்க மாட்டேன். கைப்பிடியில் கோலா உட்கார்ந்திருக்கும் வகை கிடைப்பது அரிது, விலையும் எகிறும்.

மெரிக் பாய்டின் (1888–1959) வேலை இன்னும் அரிது. மெல்பர்னின் முரம்பீனாவில் சூளை வைத்திருந்தவர். ஓவியர் ஆர்தர் பாய்டின் தந்தை. காற்றில் வளைந்த மரங்களே அவர் கையில் குடமாகவும் கைப்பிடியாகவும் ஆகிவிடும். 1926இல் அவருடைய பட்டறை தீப்பிடித்து எரிந்தது. பிரிஸ்பேனில் எல். ஜே. ஹார்வி என்ற கலை ஆசிரியரிடம் படித்தவர்கள் சக்கரமே இல்லாமல், மண்ணைத் திரித்தும் தகடாகத் தட்டியும் கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் அடியில் பெயரும் தேதியும் பொறித்திருப்பதால், தொடங்குபவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏலத்தில் படத்தை மட்டும் பார்த்து ஒரு குடுவை வாங்கினேன். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தபோது விளிம்பில் பெயின்ட் பிசுபிசுத்தது. உடைந்ததை ஒட்டி, நிறம் பூசி மறைத்திருந்தார்கள். அன்று மனது ரொம்பக் கனத்துப் போனது. இப்போது புற ஊதா டார்ச் இல்லாமல் போவதில்லை. ஒட்டுப்போட்ட இடம் அந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் தனியாகத் தெரிந்துவிடும். விரலால் மெல்லச் சுண்டினாலும், விரிசல் விட்ட பாண்டம் மந்தமாக ஒலிக்கும்.

பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழைய பாண்டங்களில் அது சகஜம். இலை நுனியில் சின்ன மூளி இருந்தாலும் நான் வாங்குவேன். அதைச் சரிசெய்யவும் மாட்டேன். ஆனால் வாயிலிருந்து வயிறுவரை விரிசல் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். இவற்றில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கவும் வேண்டாம். குறைந்த சூட்டில் சுட்ட மண்ணில் ஈரம் கசிந்து, மேல்பூச்சு கறைபடும்.

வாங்குவதற்கு முன் ஒரு முறை விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்டன் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஆஸ்திரேலிய மண்பாண்டங்களுக்கு அங்கே அருமையான சேகரிப்பு இருக்கிறது. கண் பழகிய பிறகு பணத்தை எடுக்கலாம். சந்தேகமாக ஏதாவது கிடைத்தால் அடிப்பாகத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.