வாசகர் கேள்வி – பதில்: பல குரலில் பேசும் கரிச்சான்

கேள்வி: ஐயா, வணக்கம். டாப்சிலிப் காட்டில் விடியற்காலையில் ஒரே மரத்திலிருந்து மரங்கொத்தி, வல்லூறு, சிலம்பன் (தவிட்டுக்குருவி வகை) எனப் பல பறவைகளின் குரல்கள் அடுத்தடுத்துக் கேட்டன. நிமிர்ந்து பார்த்தால், வாலில் இரண்டு கம்பிகள் தொங்கும் ஒரு கரும்பறவை மட்டுமே இருந்தது. அது ஏன் பிற பறவைகளைப் போலக் குரல் எழுப்புகிறது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் பார்த்தது துடுப்புவால் கரிச்சான். வயலோர மின்கம்பிகளில் அமரும் இரட்டைவால் குருவியின் நெருங்கிய உறவினம் என்றாலும், இது மரங்கள் அடர்ந்த இடங்களிலேயே வாழ்கிறது. வாலின் வெளியோர இறகுகள் இரண்டும் நீண்டு, பெரும்பகுதி வெறும் நரம்பாக இருந்து, நுனியில் மட்டும் முறுக்கிய துடுப்பாக விரிகின்றன. பறக்கும்போது இரண்டு கருவண்டுகள் பின்னால் துரத்தி வருவது போலவே தோன்றும். இறகு உதிரும் காலத்தில் துடுப்பு இல்லாமலும் இருக்கும் என்பதால், அலகுக்கு மேலே சுருண்டெழும் கொண்டையையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

குரலுக்கு வருவோம். இதன் இரை பெரும்பாலும் பூச்சிகள். சிலம்பன்கள் இலைகளைக் கிளறிக்கொண்டு போகும்போது கலைந்து பறக்கும் பூச்சிகளை, அருகிலுள்ள கிளையில் காத்திருந்து பாய்ந்து பிடிக்கும். ஆகவே பல இனப் பறவைகள் சேர்ந்து இரைதேடும் கூட்டம் இதற்கு மிகவும் தேவை. இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் எபன் குடேலும் சரத் கொட்டகமவும் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்ட முடிவுகள் இங்கே மிக முக்கியமானவை. (அவர்கள் ஆராய்ந்தது துடுப்பில்லாத கொண்டைக் கரிச்சான், அன்று இதன் உள்ளினமாகக் கருதப்பட்டது, இன்று பலர் தனி இனமாகப் பிரிக்கின்றனர்.) கரிச்சானின் சொந்தக் குரலை மட்டும் ஒலிபரப்பியபோது வந்ததைவிட, அது பாவனை செய்த குரல்களையும் சேர்த்து ஒலிபரப்பியபோது, கூட்டத்தில் சேரும் பிற இனப் பறவைகள் அதிகமாக வந்தன. அதைவிட வியப்பானது, அது குரல்களைத் தேர்ந்தெடுக்கும் விதம்: ஆபத்து நேரத்தில் வேட்டைப் பறவைகளின் குரலையும் பிற பறவைகளின் எச்சரிக்கை ஒலிகளையும் எழுப்புகிறது, அமைதியான நேரத்தில் கூட்டாளிகளின் பாட்டையும் அழைப்பொலிகளையும் எழுப்புகிறது. எனவே இதை வெறும் மிமிக்ரியாகக் கருதுவது இந்தப் பறவைக்கு நாம் செய்யும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இவ்வளவு அழகாகக் குரல் எழுப்பும் பறவையை வீட்டில் வளர்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிடிப்பதையும் கூண்டில் வைப்பதையும் தடை செய்கிறது. எங்காவது விற்கப்படுவதைக் கண்டால், இரக்கப்பட்டு விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள். அது அடுத்த பறவையைப் பிடிக்கவே வழிசெய்யும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் கொடுங்கள்.