எட்டாவது சொல்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாகக் குறுங்கதைகள் எழுதிவருகிறேன். படித்தவர்கள் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்கிறார்கள். அன்றாடத்தின் விசித்திரத்தைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது? எத்தனை சொல்லுக்குள் இருந்தால் அது குறுங்கதை? ஒரு கதையை இணைத்திருக்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவனிடம் யாருமே பேசுவதில்லை. அவன் காலையிலேயே இறந்துவிட்டான் என்பது கடைசி வரியில் தெரியும்.

ர.

அன்புள்ள ர.,

சொல் கணக்கை விடுங்கள். குவாத்தமாலா எழுத்தாளர் அகஸ்டோ மொன்டெரோசோ 1959இல் வந்த தொகுப்பில் ஸ்பானிய மொழியின் ஏழே சொற்களில் ஒரு கதையை முடித்துவிட்டார். கண் விழித்தால் டைனோசர் இன்னும் அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான் கதை. யாரிடம் அளவு கேட்டு எழுதினார்?

உங்கள் கதையில் அவன் குடை மாட்டும் ஆணியில் வேறு யாருடைய குடையோ தொங்குகிறது. தன் ஈரக்குடையைக் கையில் பிடித்தபடி, தரையில் சொட்டச் சொட்ட நிற்கிறான். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை எழுதிய கைதான் அவனைக் கொன்றும் போடுகிறது. ஏன் கொன்றீர்கள்? செத்தவனிடம் யாரும் பேசாததில் என்ன விசித்திரம் இருக்கிறது? உயிரோடு இருப்பவனிடம் பேசாமல் இருப்பதல்லவா விசித்திரம்!

டால்ஸ்டாய் 1897ஆம் வருட நாட்குறிப்பில் எழுதுகிறார்: அறையைத் தூசி தட்டிக்கொண்டே வந்தவருக்கு, சோபாவைத் தட்டினோமா இல்லையா என்று ஞாபகமில்லை. 1917இல் ரஷ்ய இலக்கிய விமர்சகர் விக்டர் ஷ்க்ளோவ்ஸ்கி அதை எடுத்துக்கொண்டு, பழக்கம் விழுங்கிவிட்ட பொருளைத் திரும்பக் கண்ணில் பட வைப்பதுதான் கலையின் வேலை என்று வாதாடினார். எனக்கு வாதத்தைவிட சோபாவைத்தான் பிடிக்கும்.

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பழுதுபார்க்கக் கொடுத்திருந்தோம். சுவரில் ஆணியும், மங்கிய பெயின்ட் நடுவே நிறம் மாறாத ஒரு வட்டமும்தான் மிச்சம். என் மனைவி அந்த வட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயோ, நேரமாயிடுச்சே" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். உண்மையிலேயே நேரமாகித்தான் இருந்தது.

அன்றிரவே எழுதினேன், ஆறு வரி. அதோடு விட்டேனா? "காலம் கடிகாரத்தில் இல்லை" என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன். அச்சில் வந்ததும் எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். அவள் மட்டும், "நல்லாத்தான் போயிட்டிருந்தது, கடைசியில எதுக்குப் பாடம் எடுத்தீங்க?" என்றாள். இன்றும் யாராவது அதை மேற்கோள் காட்டினால் எனக்குக் காது சூடாகிறது. மொன்டெரோசோவுக்கு மட்டும் எட்டாவது சொல் தோன்றாமலா இருந்திருக்கும்?

கடைசி வரியை அடியுங்கள். கண்ணாடியில் அவன் முகம் "மங்கலாக" தெரிகிறதே, அதுவும் வேண்டாம். துப்பறியும் கதைக்காரன் விட்டுப்போன தடயம் போல இருக்கிறது. "ஒன்றுமே நடக்கவில்லை" என்றார்களே, அவர்களுக்குப் பயந்துதான் இந்தக் கொலையைச் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குக் காட்டாமல் ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். ஆணியில் தொங்கும் குடை யாருடையது என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்