அமெரிக்காவின் கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நாள் முழுவதும் ஜெபம்தானா?

இல்லை. பெரும்பாலான நேரம் வாசிப்பிலும் கட்டுரை எழுதுவதிலுமே கழியும். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஒரே துறையோடு நிற்காமல் பல துறைகளையும் தொட்டுப் படிப்பது. அதனால் உயிரியல் படிக்க வந்தவரும் தத்துவம், வரலாறு, இலக்கியம், கூடவே விவிலியப் பாடம் என்று பலவற்றை எடுத்தாக வேண்டும். வகுப்புகள் பெரும்பாலும் சிறியவை. படிக்காமல் போனால் பேராசிரியரிடமிருந்து ஒளிய இடமில்லை.

கட்டுப்பாடுகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இல்லினாய் மாநிலத்து வீட்டன் கல்லூரியில் சிற்றாலய வழிபாட்டுக்கு இளங்கலை மாணவர்கள் வருவது கட்டாயம். நடத்தை உடன்படிக்கை ஒன்றையும் ஏற்க வேண்டும். 1860இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, வளாகத்தில் நடன நிகழ்ச்சிக்கு 2003இல்தான் இடம் கொடுத்தது! மிச்சிகனில் உள்ள கால்வின் பல்கலைக்கழகத்திலோ சிற்றாலயத்துக்குப் போவது அவரவர் விருப்பம். உடன்படிக்கை ஏதும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அதை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.