கேஸ்கெட்டுக்கு அடியில் மட்டும் குழி விழுவது ஏன்?

கேள்வி: கடல்நீர் ஓடும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. வெளியே பளபளவென்று இருக்கிறது. குழாய்களை இணைக்கும் வளையத் தட்டான ஃபிளாஞ்சைக் கழற்றினால், கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் உட்கார்ந்த இடத்தில் குழி குழியாக அரித்திருக்கிறது. மட்டமான ஸ்டீலைத் தந்துவிட்டார்களா? நிக்கல் அதிகமுள்ள கலவைக்கு மாறலாமா?

பதில்: ஸ்டீலைச் சந்தேகிக்க வேண்டாம். அசல் 316-க்கும் கடல்நீரில் இதே கதிதான்.

இந்த ஸ்டீலைக் காப்பது சில நானோமீட்டர் கனமே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் பட்டாலும் நீரில் ஆக்சிஜன் இருந்தால் தானே மூடிக்கொள்ளும். கேஸ்கெட்டுக்கு அடியில் உள்ள மயிரிழை இடுக்கில் நீர் அசையாமல் நிற்கிறது. இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்தால் புதிதாக வர வழியில்லை. அங்கே கரையும் உலோக அயனிகள் வெளியிலிருந்து குளோரைடை உள்ளே இழுக்கின்றன, நீரோடு வினைபுரிந்து அமிலத்தையும் உண்டாக்குகின்றன. வெளியே பிஎச் 8 இருக்கும்போதே இடுக்குக்குள் 2 வரை இறங்கிவிடும். படலம் அங்கே நிற்காது.

சரி, நிக்கல்? இந்த அரிப்பைத் தடுப்பதில் முக்கியப் பங்கு நிக்கலுக்கு இல்லை. குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன் மூன்றுக்கும்தான். குரோமியத்தின் சதவீதத்தோடு மாலிப்டினத்தை 3.3 மடங்காகவும் நைட்ரஜனை 16 மடங்காகவும் கூட்டிப் பாருங்கள். இந்த எண் கூடக் கூட அரிப்பைத் தாங்கும் திறனும் கூடும். 316-க்கு ஏறக்குறைய 24 வரும், 2205 டூப்ளெக்ஸ் என்ற ஸ்டீலுக்கு 35, 2507 சூப்பர் டூப்ளெக்ஸ் ஸ்டீலுக்கு 42. கடல்நீருக்கு 40-க்குக் கீழே உள்ளதை நான் பரிந்துரைப்பதில்லை. மோனெல் 400 என்ற நிக்கல்-செம்புக் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். ஆனாலும் தேங்கிய கடல்நீரில் அதிலும் குழி விழும்.

உங்களுக்கு 2507 போதும் என்றே நினைக்கிறேன். நீர் வெதுவெதுப்பாக இருந்து குளோரினும் கலந்தால் கதை வேறு. இறுக்கமான இடுக்கில் அலாய் 625 என்ற நிக்கல் கலவை கூட அரிபடும். அப்போது ஃபிளாஞ்ச் முகத்தில் மட்டும் 16 சதவீத மாலிப்டினம் உள்ள சி-276 போன்ற நிக்கல் கலவையை வெல்டிங்கில் படியவைக்கலாம். முழுக் குழாயையும் மாற்றுவதைவிட இது புத்திசாலித்தனம்.

படகில் 316 வருடக்கணக்கில் நிற்கிறதே என்பார்கள். அங்கே பெரும்பாலும் அதோடு இணைத்த துத்தநாகக் கட்டி தன்னைக் கரைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம், புதிய குழாயில் வெல்டிங் சூட்டில் வரும் நீல, பழுப்பு நிறத்தை ஆசிட் பேஸ்ட் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பம்ப்பை நிறுத்தினால் கடல்நீரை வடித்து நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் பழைய கேஸ்கெட்டைப் பாருங்கள். கிராஃபைட் என்றால் அதுவே அரிப்பை முடுக்கிவிட்டிருக்கும். 2507-லும் அதைப் போடாதீர்கள்.