ஈறுக்குள் ஒளிந்த கோரைப்பல்

கேள்வி: மகளுக்கு 13 வயது. மேல் கோரைப்பல் ஒன்று முளைக்கவில்லை. ஓபிஜி (முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும்) எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கிளிப் போடுமுன் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அவசியமா?

பதில்: ஓபிஜி தட்டையான படம். பல் புதைந்து சாய்ந்திருப்பதைக் காட்டும். அண்ணப் பக்கமா, உதட்டுப் பக்கமா என்று உறுதியாகச் சொல்லாது. கணிப்பு தவறினால், பல்லை வெளியே இழுக்க ஈற்றைத் தவறான பக்கம் கீற நேரிடும்.

பக்கம் மட்டும் தெரிய எளிய வழி உண்டு. அதே இடத்தைச் சிறிய எக்ஸ்ரேயில் இருமுறை எடுப்பார்கள். இரண்டாம் முறை எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். பக்கத்துப் பல்லின் வேரோடு ஒப்பிட, புதைந்த பல் குழாய் போன திசையிலேயே நகர்ந்தால் அண்ணப் பக்கம். எதிர்த்திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம். அசையவே இல்லையென்றால் வேரின் நேர்கோட்டிலேயே இருக்கிறது.

பிறகு ஸ்கேன் எதற்கு? புதைந்த பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அரிக்கிறதா என்பதைச் சிபிசிடி எனும் இந்த முப்பரிமாண ஸ்கேனே தெளிவாகக் காட்டும். அரிப்பு இருந்தால் பல்லை இழுக்கும் திசையே மாறும். ஓபிஜியில் இரண்டு பற்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் ஸ்கேன் எடுத்துவிடுவதே நல்லது.

ஸ்கேனில் கதிர்வீச்சு ஓபிஜியைவிட அதிகம். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தலை அசைந்தால் படம் மங்கும். உலோகக் கிளிப் இருந்தால் படத்தில் கீற்றுகள் விழும். டாக்டர் முன்கூட்டியே கேட்பது சரிதான்.