போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் நானும் என் மனைவியும் ஒரே ஒரு நாள் இருப்போம். எதைப் பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

ஆற்றை விட்டு விலகாமல் சுற்றினால் ஒரு நாள் தாராளமாகப் போதும். நாங்கள் இருவரும் அப்படித்தான் செய்தோம். காலையில் டோரு ஆற்றின் வடகரை, மதியத்துக்கு மேல் தென்கரை.

முதலில் சாவ் பென்ட்டோ ரயில் நிலையம். ரயில் ஏற வேண்டாம், முன்கூடத்தில் நின்றாலே போதும். ஜோர்ஜ் கொலாசு வரைந்த சுமார் 20,000 டைல்கள் சுவர்களை மூடியிருக்கின்றன. கூட்டமெல்லாம், போர்த்துகீசியர் 1415இல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரைப் பிடித்த காட்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. என் மனைவி, திராட்சை அறுவடைக் காட்சியின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. கிட்டே போய்ப் பாருங்கள்: ஒரு டைலில் தொடங்கும் நீலக் கோடு அடுத்த டைலில் பிசகாமல் தொடர்கிறது.

அங்கிருந்து ஆற்றங்கரைப் பகுதியான ரிபெய்ரா வரை இறக்கம்தான். நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கருங்கல் பாவிய தெரு வழுக்கும். மதியச் சாப்பாட்டுக்கு பிரான்செசின்யா. ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, பன்றி, தொத்திறைச்சி, மேலே உருகிய சீஸ், சுற்றிலும் பீரும் தக்காளியும் சேர்ந்த காரக் குழம்பு. ஒன்று வாங்கி இருவரும் சாப்பிடுங்கள், அதுவே அதிகம். சைவம் என்றால் கால்டு வெர்ட் என்ற கீரை சூப் கேட்கலாம். ஆனால் அதில் தொத்திறைச்சித் துண்டு போடுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் 1886இல் திறந்த முதலாம் லூயிஸ் பாலத்தின் கீழ்த்தளம் வழியே எதிர்க்கரையான கையாவுக்கு நடந்து போங்கள். போர்ட் ஒயின் கிடங்குகள் அங்கேதான். குடிக்காதவர்களும் ஒரு கிடங்கையாவது சுற்றிப் பார்க்க வேண்டும். திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள், மீந்த சர்க்கரைதான் அந்த இனிப்பு. இருட்டும் குளிருமான கூடத்தில், சுற்றிக்காட்டிய பெண் ஒரு மரப் பீப்பாயைத் தட்டி "பீப்பா" என்றார். எங்கள் இருவருக்கும் சிலிர்த்துவிட்டது. போர்த்துகீசியர் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல், அதன் சொந்த ஊரில் காதில் விழுகிறது!

சாயங்காலம் கையா பக்கமே மேலேறி மோரோ தோட்டத்தில் உட்காருங்கள். ஆறு மேற்கே ஓடுவதால் சூரியன் ஆற்றின் பக்கமே இறங்கும். எங்களுக்கு அந்த நாளின் உச்சம் இதுதான், இதை எதற்காகவும் விடாதீர்கள். திரும்பும்போது பாலத்தின் மேல்தளம். மெட்ரோ ரயில் பக்கத்திலேயே போகும், காலடியில் தளம் லேசாக அதிரும்.

இரவுக்கு பக்கல்யாவ், அதாவது உப்புக் கண்டமிட்ட காட் மீன். உப்புப் போக ஊறவைத்துச் சமைப்பதால் கருவாட்டு வாடை இருக்காது. உதிர்த்து, வெங்காயம், மெல்லிய உருளைக்கிழங்குப் பொரியல், முட்டை சேர்த்துக் கிளறுவதை பிராஸ் முறை என்கிறார்கள். சுறாப்புட்டு பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும். கேட்காமலே ரொட்டி, ஆலிவ் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் அதற்கும் காசு, வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். இரவு ஏழரைக்கு முன்னால் பல கடைகளில் அடுப்பே பற்றவைப்பதில்லை. எங்களுக்கு ஆற்றைப் பார்த்த "ஜனெலா" ஓரமாக ஒரு "மேசா" கிடைத்தது. நீங்களும் அதையே கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.